பெட்டி மாறினால் குரல் மாறும்: கணினிச் சூழொலியின் கதை



பள்ளியின் பொருள் அறையைத் திறந்தால் பெரும்பாலும் காணக்கூடிய காட்சி இது. கணினி ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றில் சப்வூஃபர் எனப்படும் தாழொலிப் பெட்டி பழுதாகியிருக்கும். சிறு பெட்டிகள் நன்றாக இருக்கும். பக்கத்திலுள்ள இன்னொரு தொகுதியில் தாழொலிப் பெட்டி உறுமும். சிறு பெட்டிகளில் இரண்டைக் காணோம். எல்லாம் பெற்றோர் அன்போடு கொடுத்தவை. இரண்டையும் இணைத்து ஒன்றாக்கினால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு இருநூறு முந்நூறு வெள்ளி மிச்சமாகுமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. “ஒலிபெருக்கி என்றால் எல்லாம் ஒன்றுதானே ஐயா?” என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கோலாலம்பூரின் கொலிசியம் திரையரங்கம் 1920களின் தொடக்கத்தில் எழுந்தபோது திரைப்படம் வாய்திறந்து பேசவில்லை. தமிழ் பேசிய முதற்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அக்காலப் பேசும் படங்களுக்கு ஒலி ஒரே தடத்தில் வந்தது. நாயகன் இடப்பக்கம் நின்றாலும் வலப்பக்கம் நின்றாலும் குரல் ஓரிடத்திலிருந்தே ஒலித்தது. அதே 1931இல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்னும் பொறியாளர் இரு தட ஒலிக்குக் காப்புரிமை கோரினார். திரையில் நடிகர் ஒரு பக்கம் நடக்க, குரல் வேறொரு பக்கமிருந்து வந்ததே அவரைச் சிந்திக்க வைத்தது என்று சொல்வர்.

நம் நாட்டில் வீட்டுக்குள் வந்த ஒலிபெருக்கிகளில் ரெடிஃபியூஷன் பெட்டியைக் குறிப்பிட வேண்டும். 1949இல் தொடங்கிய அச்சேவை வானலையை நம்பவில்லை. நிலையத்திலிருந்து கம்பி வழியாகவே ஒலி வந்தது. மாதக் கட்டணம் செலுத்துவோர் வீட்டில் ஒரு பெட்டி தொங்கும். கம்பியைக் கழற்றிவிட்டால் அது வெறும் மரப்பெட்டி. ஒலியைப் பெருக்கும் ஆற்றல் ஓரிடத்தில், ஒலிக்கும் பெட்டி வேறிடத்தில். இவ்வமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அரை நூற்றாண்டுக்குப் பிறகு நம் கணினி மேசையின் அடியில் இதையே மீண்டும் காண்போம்.

திரையரங்கில் தடங்கள் பெருகின. 1940இல் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ பல தட ஒலியோடு திரையிடப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் டால்பி ஸ்டீரியோ பரவியது. அதில் இடம், வலம், பின்புறம் ஆகியவற்றோடு நடுவிலும் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. நடுப்பெட்டியின் தலையாய பணி உரையாடல். அரங்கின் ஓரத்தில் அமர்ந்தவருக்கும் குரல் திரையின் நடுவிலிருந்தே வரவேண்டும் என்பதற்காக அது வைக்கப்பட்டது. வகுப்பறையில் சன்னலோரம் அமரும் மாணவனை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பிறகு 1992இல் டால்பி டிஜிட்டல், 1993இல் டிடிஎஸ். தமிழில் 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், 1996இல் ‘கறுப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. ஐந்து பெட்டியும் ஒரு தாழொலிப் பெட்டியும் சேர்ந்த அமைப்பை 5.1 என்று எழுதும் வழக்கம் டிவிடி வட்டோடு வீடுகளுக்குள் நுழைந்தது.

கணினியின் கதை வேறு. 1981இல் வந்த ஐபிஎம் கணினி ‘பீப்’ என்று கத்த மட்டுமே தெரிந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். அண்டை நாட்டின் அச்சிறு நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான் உலகெங்கும் கணினிக்குக் குரல் கொடுத்தது. 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டை நான்கு ஒலிபெருக்கிகளை இயக்கியது. பின்னர் 5.1 தொகுதிகள் வந்தன. கிரியேட்டிவ், லாஜிடெக், ஆல்டெக் லான்சிங் பெட்டிகள் லோ யாட் பிளாசாவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளுக்குப் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் பயணம் செய்த காலம் அது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது மடிக்கணினியும் ஒளிப்படக்கருவியும் பள்ளிகளை எட்டின. ஒலிக்கான தேவையும் கூடியது.

சிக்கல் இங்கேதான் பிறந்தது. வீட்டு ஹைஃபை உலகில் ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் தனித்தனியே விற்கப்பட்டதால், பெட்டியின் பின்னால் எட்டு ஓம், நான்கு ஓம் என்று மின்தடையை அச்சிடும் வழக்கம் நிலைத்தது. கணினித் தொகுதியோ மொத்தமாக ஒரே விலைக்கு விற்கப்படும் பொருள். பெரும்பாலான தொகுதிகளில் ஆம்ப்ளிஃபையரைத் தாழொலிப் பெட்டிக்குள் அடைத்து, சிறு பெட்டிகளை அதற்கென்றே அளந்து செய்தார்கள். ரெடிஃபியூஷன் கம்பியின் மறுபிறவி இது! பிறர் பெட்டியோடு பொருந்த வேண்டிய தேவையே இல்லாததால் ஒருவர் ஆர்சிஏ செருகி வைத்தார், ஒருவர் 3.5 மில்லிமீட்டர் செருகி வைத்தார், இன்னொருவர் வெறும் கம்பியைக் கவ்வும் பிடி வைத்தார். இதில் சூழ்ச்சி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விலையைக் குறைக்க எடுத்த முடிவு, அவ்வளவே.

செருகியை மாற்றிப் பொருத்திவிடலாம்; உள்ளே உள்ளதை அப்படி மாற்ற இயலாது. எட்டு ஓம் பெட்டிக்கென அமைந்த ஆம்ப்ளிஃபையரில் நான்கு ஓம் பெட்டியை மாட்டினால் மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஒலியைக் கூட்டிவைத்தால் சூடேறிக் கருகும் வாய்ப்புண்டு. இரண்டு எட்டு ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பில் மாட்டினாலும் அதே நான்கு ஓம்தான். ஒலிதிறன் இன்னொன்று. ஒரு பெட்டி மற்றதைவிட 3 டெசிபெல் மந்தமாக இருந்தால், அதே அளவு ஒலிக்க அதற்கு இரு மடங்கு ஆற்றல் தேவை. கூட்டல் கழித்தல் முனைகளை ஒரு பெட்டியில் மட்டும் மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து, குரல் நடுவில் நிற்காமல் கரையும். 1.5 வோல்ட் பேட்டரியைக் கம்பியில் கணநேரம் தொட்டுப் பார்த்தால் எந்த முனை கூட்டல் என்பது தெரியும்: கூம்பு முன்னே தள்ளும்.

கணினியின் ஆரஞ்சு நிறத் துளையும் வேடிக்கையானது. பச்சை முன்பெட்டிகளுக்கு, கறுப்பு பின்பெட்டிகளுக்கு, ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் தாழொலிக்கும் என்பது பொது வழக்கம். ஆனால் அந்த ஆரஞ்சுக் கம்பிக்குள் எது நடு, எது தாழொலி என்பதில் நிறுவனங்கள் ஒத்துப்போகவில்லை. மாற்றி இணைந்தால் கதை சொல்பவரின் குரல் தாழொலிப் பெட்டிக்குள் போய் முனகும். இதற்காகவே பல கணினிகளின் ஒலி அமைப்பில் அவ்விரண்டையும் இடம் மாற்றும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.

தமிழாசிரியர்களுக்கு இது ஏன் முக்கியம்? லகர, ளகர, ழகரங்களைக் காது பிரித்தறிய உதவும் ஒலிக்கூறுகளில் முக்கியமானவை ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸ் முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. சிறு பெட்டிகளின் தன்மை தொகுதிக்குத் தொகுதி பெரிதும் வேறுபடும் இடங்களில் அதுவும் ஒன்று. இடப்பெட்டி ஒரு தொகுதி, வலப்பெட்டி இன்னொரு தொகுதி என்றால், இடப்பக்க வரிசை மாணவன் கேட்கும் ‘அழை’ வலப்பக்க வரிசையில் ‘அலை’ ஆகக்கூடும். கேட்டல் பயிற்சியில் அவன் தவறாக எழுதினால் நாம் அவனைத்தான் திருத்துவோம்.

ஆகவே கலப்பதானால் பின்பெட்டிகளைக் கலக்கலாம். அவற்றில் மழையும் கைதட்டலுமே பெரும்பாலும் வரும். ஓம் அளவு மட்டும் பழையதைவிடக் குறையக்கூடாது. முன்னிரண்டும் ஒரே தொகுதியினவாக இருக்கட்டும். பொருத்தமான நடுப்பெட்டி இல்லையென்றால் வேறொன்றைத் தேட வேண்டாம். கணினியின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தால் உரையாடல் முன்னிரு பெட்டிகளுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். பிறகு ஒரு மாணவியின் குரலில் ‘அலை, அளை, அழை’ எனப் பதிவு செய்து, வரிசையை மாற்றி மாற்றி ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே ஒலிக்கவிடுங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள் கேட்டதைத் தாளில் எழுதட்டும். எந்தப் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்பது அந்தத் தாள்களில் இருக்கும்.