படம் பார்க்காத கால்

எலும்பு முறிந்தால் யாருடைய சொல் செல்லும்? வலிக்கிறது என்பவருடையதா, தொட்டுப் பார்க்கிறவருடையதா, படத்தினுடையதா? கணுக்கால் முறிவின் சரித்திரத்தை இந்தக் கேள்வியோடுதான் நான் வாசிக்கிறேன்.

18ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் இந்த முறிவைப் பற்றி எழுதியபோது அவரிடம் இருந்தவை கண்ணும் கையும் மட்டுமே. நம்மூர்க் கட்டு வைத்தியரிடமும் இருந்தவை அவைதான். 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் சாட்சி மாறியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் வந்தது. கை சொன்னது அபிப்பிராயம், படம் சொன்னது உண்மை என்றாயிற்று.

இதை 'மருத்துவப் பார்வையின் அதிகாரம்' என்று ஃபூக்கோவைச் சொல்லி முடித்துவிடுவது நம் வட்டாரத்தில் சுலபம். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் எலும்புச் சுவர் நிற்க, நடுவே பாதத்தின் மேலெலும்பு உட்கார்ந்திருக்கும் பொருத்துதான் கணுக்கால். அந்த எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டு ஒட்டும் பரப்பு சராசரி 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் ராம்சேயும் ஹாமில்டனும் அளந்து காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரை எந்தக் கைராசியும் தொட்டு அறியாது. அதனால்தான் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பாதத்தை 15 முதல் 20 டிகிரி உள்ளே திருப்பி ஒன்று என மூன்று படம் எடுக்கிறார்கள். மூன்றிலும் சரியாகப் பிடிபடாதது பின்பக்கச் சில்லு. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியோடு மருத்துவமனைக்குள் வந்த சி.டி. ஸ்கேன் பிற்பாடு அதையும் காட்டிற்று. 2006இல் ஜப்பானில் ஹராகுச்சி குழுவினர் அந்தச் சில்லை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைப்பதா, குப்புறப் படுக்க வைப்பதா, எந்தப் பக்கம் கீறுவது என்பதையெல்லாம் இன்று கத்தி எடுக்கும் முன்பே படம் பார்த்து முடிவு செய்ய முடிகிறது.

இவ்வளவு பார்க்கிற படம் எதைப் பார்ப்பதில்லை? பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். குழித்தறியில் நெசவாளி தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, மிதியை அழுத்துகிறார். ஒவ்வொரு ஊடை இழைக்கும் பாவு பிரிய வேண்டும், பிரிப்பது கணுக்கால். ஆனால் படம் எடுக்கும்போது அந்தக் கால் மேசைமேல் சும்மா கிடக்கிறது. "தறில எப்ப சார் உக்காரலாம்?" என்ற கேள்விக்கு ஃபிலிமில் பதில் இல்லை. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து முதலாளியின் பாவை நெய்கிறவருக்கு ஓய்வு என்றால் கூலி இல்லை, அவ்வளவுதான்.

'எலும்பு விட்டுப்போச்சு' என்றதும் ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட ஓடுகிறவர்களை அறியாமை என்று திட்டுகிறோம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது: கத்தி இல்லை, படுக்கை இல்லை, செலவு கம்மி. நகராத விரிசல் கட்டிலேயே கூடிவிடும் என்பதும் நிஜம். ஆனால் பொருத்து விலகியிருந்தால் கட்டு தாங்காது. மூட்டு தேய்ந்து, சில வருஷத்தில் மிதிக்கவே முடியாமல் போகலாம். நாட்டு வைத்தியம் என்பதற்காக இதை மறைப்பது நெசவாளிக்குச் செய்யும் துரோகம்.

1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் செயற்கைக் கால் செய்தபோது வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். வெறுங்காலோடு நடக்கிற, குந்தி உட்காருகிற ஆளுக்கு, ஷூவுக்கும் நாற்காலிக்கும் செய்த கால் எதற்கு? கேள்வி மாறியதால் கால் மாறியது. முறிந்த காலுக்கும் இது பொருந்தும். எக்ஸ்ரே சீட்டில் பெயர், வயது, இடதா வலதா என்பதோடு 'என்ன வேலை' என்று ஒரு வரி வேண்டும். எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே விலகியிருக்கிறது, தறிக்குத் திரும்ப எத்தனை நாள் என்று அந்தக் காலுக்கு உரியவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். படத்தை வேண்டாம் என்பதல்ல, அதை நம் பக்கத்துச் சாட்சியாக ஆக்குவதே அரசியல்.