மேகநோய் வரலாறு உணர்த்தும் நீதி

நோய்களுட் சில உடலை வருத்துவதோடு அமையாது, நோயுற்றோரின் நாவையும் கட்டிவிடும் இயல்பின. உடலுறவாற் பரவும் மேகநோய், வெட்டை, எயிட்ஸ் என்பன அத்தகையன. எமது அக்கரப்பத்தனைத் தோட்டங்களிற் காய்ச்சல் கண்டவர் அதனை அயல் லயத்தாரிடமும் கூறுவர். இந்நோய் கண்டவரோ வைத்தியரிடமும் கூறத் தயங்குவர். இத்தயக்கத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, பழியும் சோதனையும் பெரும்பாலும் பெண்ணின் தலைமீதே சுமத்தப்பட்டு வந்தமை புலனாகும்.

1495 ஆம் ஆண்டில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினரிடையே மேகநோய் கொள்ளைநோயாய்ப் பரவிற்று. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். 1498 இற் போர்த்துக்கேயர் கள்ளிக்கோட்டையை அடைந்ததன் பின்னர் எழுந்த ஆயுள்வேத நூலாகிய பாவப்பிரகாசம், அதனைப் பிரங்க ரோகம், அஃதாவது பறங்கியர் நோய் எனக் குறித்தது. இவ்வாறு ஒவ்வொரு நாட்டாரும் பழியை அயலார்மேல் ஏற்றினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுகள் அப்பழியைப் பெண்கள்மேல் ஏற்றின. தன் படைவீரரைக் காக்கக் கருதிய பிரித்தானிய அரசு, 1864 இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. 1868 இல் அதனையொத்த சட்டம் இந்தியாவிலும் பிறந்தது. பரத்தையர் எனக் கருதப்பட்ட பெண்கள் பதிவு செய்யப்பட்டுக் கட்டாயமாகச் சோதிக்கப்பட்டனர். நோயுற்றோர் மருத்துவமனையில் அடைத்து வைக்கப்பட்டனர். அவர்களிடம் சென்ற ஆடவர்க்கோ இச்சட்டத்தின்கண் யாதொரு சோதனையும் இல்லை. பெண்கள் அஞ்சி ஒளிந்தனர்; நோயும் அடங்கிற்றில்லை. யோசபின் பட்லர் அம்மையார் முதலியோர் இவ்வநீதியை எதிர்த்துப் பல்லாண்டு போராடியதன் பயனாக, 1886 இற் பிரித்தானியாவிலும் 1888 இல் இந்தியாவிலும் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

சட்டத்தால் இயலாததை அறிவியல் இயற்றியது. 1905 இல் ஷௌடின், ஹொஃப்மன் என்னும் ஜெர்மானியர் இருவர் மேகநோய்க் கிருமியைக் கண்டனர். அடுத்த ஆண்டில் வாசர்மன் அந்நோய்க்குரிய இரத்தப் பரிசோதனையை வகுத்தார். 1943 இல் அமெரிக்க மருத்துவர் மஹோனி பெனிசிலினால் நோயைக் குணப்படுத்திக் காட்டினார். மேகநோய் வெளிக்குறி யாதுமின்றிப் பல்லாண்டு உடலில் உறைந்திருக்க வல்லது. ஆதலின், ஒருவர் நோயுற்றவரா என்பதைத் தோற்றமோ ஒழுக்கமோ காட்டாது. இரத்தப் பரிசோதனையே காட்டும்.

1986 இற் சென்னையில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாகிய நிர்மலா, மயிலாப்பூரில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பாலியற் தொழிலாளரிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரிற் சோதித்தபோது அறுவரிடம் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதல் அறியப்பட்டது அப்பொழுதே. அவ்வாய்வு நாட்டுக்குப் பெருநன்மை செய்தது. எனினும் அன்றும் சோதிக்கப்பட்டோர் பெண்களே. பிற்காலத்தில், கணவனையன்றிப் பிறனை அறியாத மனைவியர் பலர் இக்கிருமிக்கு இரையானமை தெரியவந்தபோது, நோய் எவ்வழி வீட்டினுட் புகுந்தது என்பதும் விளங்கிற்று.

நம் நாடு இத்துறையில் அடைந்த வெற்றி பெரிது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுதலை ஒழித்தமைக்காக, 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. கர்ப்பிணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராயினும் சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அச்சான்றுக்குரிய விதிகளுள் ஒன்று. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுக் கிளினிக்குக்கு நடந்து சென்று இரத்தம் கொடுத்த தோட்டத் தாய்மாருக்கும் இப்பெருமையிற் பங்குண்டு.

ஆயின், தந்தையர் பங்கு யாது? மனைவி பெனிசிலின் பெற்றுக் குணமடைந்த பின்னரும், நோயுள்ள கணவன் சிகிச்சை பெறாதிருப்பின் அந்நோய் அவளை மீளவும் பற்றும். கொழும்புக்கு வேலைக்குச் சென்று தீபாவளிக்கு ஊர் திரும்பும் எம் இளைஞரை இதன்பொருட்டுப் பழித்தல், நேப்பிள்ஸ் நகரத்தார் செய்த பிழையை மீண்டும் செய்தலேயாம். அவர்க்கு வேண்டுவது பழியன்று, அறிவே. ஆணுறை நோய் பரவுதலைப் பெரிதும் தடுக்கும். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றது. மேகநோயை ஊசிமருந்து தீர்க்கும். எச்.ஐ.வி.யை முற்றாக நீக்கும் மருந்து பொதுவழக்கிற்கு வந்திலதேனும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டு கிருமியை அடக்கியவர், துணைவர்க்கு அதனைப் பரப்பார்.

இவற்றை உயர்வகுப்பு மாணவர்க்குத் தெளிவாக எடுத்துரைக்க ஆசிரியராகிய நாமும் நாணுதல் ஆகாது. மனைவி கிளினிக்குக்குச் செல்லும் நாளில் கணவனும் உடன்சென்று தன் இரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்தல் வேண்டும். அது வழக்கமாகும் நாளிலேயே, பெண்மேல் நெடுங்காலம் சுமத்தப்பட்ட பழி நீங்கும், நோயும் குறையும்.