பேய்ச்சி பிறந்த கதை

1981இல் மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸ் வட்டாரத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். எழுத்தாளர் ம. நவீன் அதற்கடுத்த ஆண்டு அதே லூனாசில் பிறந்தவர். தான் கண்ணால் பார்க்காத அந்தச் சாவுகளைப் பின்னணியாக வைத்து அவர் எழுதிய முதல் நாவல் ‘பேய்ச்சி’. 2019இல் வெளிவந்தது. மறு ஆண்டு டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது.

இந்தக் கதையை லூனாசிலிருந்து தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். கெடாவின் ரப்பர் தோட்டங்களில் குடி எப்படி வேரோடியது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு பால்வெட்டு, மாலையில் கள்ளு. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. 1946-47இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை மறித்தது. போலீஸ் அடக்குமுறையில் தொழிலாளியின் உயிரும் போனது. குடியை எதிர்த்து உயிர் கொடுத்த மாநிலம் இது. அதே மாநிலத்தில், ஒரு தலைமுறை கழித்து, மலிவுச் சாராயம் லயத்து ஆட்களை வாரிக்கொண்டு போனது.

கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குடித்த அன்று இரவு வெறும் போதைபோலத்தான் இருக்கும். உடல் அதை மெல்ல பார்மிக் அமிலமாக மாற்றும். அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் நரம்பு அடிபடும். உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, ஏன் இன்னும் விடியவில்லை என்று ஆள் கேட்பான். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் விஷயம் புரியும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் இதே விஷம் பலரைக் கொன்றது.

இப்படிப்பட்ட சாவை எந்தத் தெய்வத்தின் பெயரில் சொல்வது? நவீன் பேய்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். நாவலில் ஓலம்மா என்ற பெண் வருகிறாள். வளர்க்கும் கையும் அழிக்கும் கையும் அவளுக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த தெய்வங்களில் ஒருத்தி பேய்ச்சி. நம் கோயில்களில் பேச்சியம்மன், பெரியாச்சி சிலைகளை அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மடியில் ஒருத்தி வயிறு கிழிந்து கிடப்பாள், குடல் வெளியே தொங்கும், அம்மனின் ஒரு கை மட்டும் குழந்தையை மேலே ஏந்தியிருக்கும். பிள்ளை பெற்ற வீட்டார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே படையல் போடுகிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளித்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

நாவலைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வசைச்சொல் இருக்கிறது, பாலியல் இருக்கிறது, தோட்டத்து மக்களைக் கேவலப்படுத்துகிறது என்றார்கள். தடை கேட்டுக் குரல் கொடுத்தவர்களில் தமிழர்களே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் தடை வந்தது. தடை செய்யப்பட்ட நூலை அச்சிட்டாலோ விற்றாலோ மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும்.

பேய்ச்சிக்குத் தடை வந்த அதே 2020 டிசம்பரில், 11ஆம் தேதி, கொரியத் திரைப்பட இயக்குநர் கிம் கி டுக் லாட்வியாவில் கோவிட் கண்டு இறந்தார். தமிழில் அஞ்சலிகள் குவிந்தன. சுங்கை பட்டாணியில் எங்கள் வட்டத்திலும் அவர் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தவர்கள் உண்டு. ‘தீவு’ படத்தில் நாயகி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். ஒருவன் தூண்டில் முள்களை விழுங்குவான். 2000இல் வெனிஸ் விழாவில் பார்த்தவர்கள் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. நண்பர்களோடு நான் அதைப் பார்த்த இரவில், படம் முடிந்தும் வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், “மனசை என்னமோ பண்ணுதுய்யா, பெரிய கலைஞன்” என்றார். அவரே பின்னாளில் பேய்ச்சியின் சில பக்கங்களைப் படித்துவிட்டு, “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று கேட்டார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. கொரிய ஏரியில் நடக்கும் குரூரம் நம் வீட்டுக் கதவைத் தட்டாது. லூனாஸ் தட்டும். அந்தச் சொற்களைப் பேசியவர் நம் பெரியப்பா, அந்தச் சாராயத்தைக் குடித்தவர் நம் சித்தப்பா. ஆனாலும் கூசவைப்பதைக் கொரியாவிலிருந்து வந்தால் கலை என்றும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தால் அசிங்கம் என்றும் சொல்வது நியாயமில்லை. இதே கெடாவைச் சேர்ந்த எழுத்தாளர் சீ. முத்துசாமி தோட்டத்து வாழ்வை எழுதி 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். நம் மண்ணின் இருட்டை எழுதத் தகுதியான கைகள் இங்கேயே இருக்கின்றன.

பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் தாமானும் தொழிற்சாலையுமாக இருக்கின்றன. லயங்கள் கலைந்துவிட்டன. லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், 1981இல் யார் யார் போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் எந்த வார்த்தையில் சொல்கிறார்களோ அதே வார்த்தையில் எழுதி வையுங்கள்.