புழுவெட்டு என்று சொல்லிவைத்தோம்

என் பதினைந்தாவது வயதில் உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு முடி இல்லாமல் போனது. பார்த்ததும் அம்மா "புழுவெட்டு" என்றாள். சின்ன வெங்காயத்தைத் தட்டி அந்த இடத்தில் தேய்த்தாள். எரிந்தது, பொறுத்துக்கொண்டேன். பிடுங்கியது என் இடது கைதான் என்று எனக்குத் தெரியும். வலது கை பொதுத்தேர்வுக்கு எழுதிப் பார்க்கும். இடது கை தலைக்குள் போய், மற்றவற்றைவிடச் சற்று முரடான ஒரு முடியைத் தேடிப் பிடிக்கும். பிடுங்கியதும் ஒரு நொடி நிம்மதி. பிறகு அடுத்த முடி. முடி தீர்ந்த இடத்தில் பொருக்கைக் கிள்ளும், ரத்தம் வரும்வரை.

பள்ளிக்கு இரட்டைச் சடை கட்டாயம். வகிடு எடுத்தால் அந்த இடம் தெரியும். அம்மா வகிட்டைக் கோணலாக எடுத்துப் பார்த்தாள், பூச்சரத்தை மேலேற்றி வைத்துப் பார்த்தாள். கோடை விடுமுறையில் பழனிக்கு அழைத்துப்போய் மொட்டை அடித்தாள். ஊர் திரும்பியபோது தெருவில் எல்லோரும் "எந்தக் கோயில் வேண்டுதல்?" என்று அன்பாகக் கேட்டார்கள். முழுத்தலையும் மழிந்திருந்தபோது கிடைத்த மரியாதை, ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் முடி இல்லாதபோது கிடைக்கவில்லை. முடி வளர்ந்தது. கையும் திரும்பி வந்தது.

முனைவர் பட்ட ஆய்வின்போது, வேறொன்றைத் தேடப்போன நூலகத்தில்தான் இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருப்பதைக் கண்டேன்: ட்ரைக்கோடில்லோமேனியா. முடி, பிடுங்குதல், பித்து ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஃபிரான்சுவா ஆன்ரி அலோபோ 1889இல் உருவாக்கிய பெயர் அது. அவர் விவரித்த நோயாளி ஓர் இளைஞர். அதைப் படித்தபோது சற்று நேரம் அடுத்த வரிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். பெண்ணாகப் பிறந்ததால் வந்த கோணல் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

பின்னோக்கித் தேடினால் வரலாறு இன்னும் நீள்கிறது. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில், நோயாலோ பழக்கத்தாலோ வருபவற்றைச் சொல்லும்போது முடி பிடுங்குவதையும் நகம் கடிப்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். 1779இல் பிரெஞ்சு மருத்துவர் போதமான், முடியைத் தின்று வயிற்றில் முடி உருண்டை சேர்ந்துபோன ஒருவரைப் பற்றிப் பதிவு செய்தார். அவர் பதினாறு வயதுப் பையன்.

முதலில் பதிவானவர்கள் ஆண்கள். பெயர்களோ பெண்களை நோக்கி நகர்ந்தன. அலோபோவுக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1898இல், லூயி ப்ரோக் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தோல் மருத்துவர் பருவைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்ளும் பழக்கத்துக்குப் பெயரிட்டார். 'இளம்பெண்களின்' என்ற சொல்லை அந்தப் பெயரிலேயே சேர்த்துவிட்டார். தின்ற முடி இரைப்பையிலிருந்து வால்போலக் குடலுக்குள் நீளும் ஆபத்தான நிலைக்கு 1968இல் வைத்த பெயர், ரபுன்ஸல் நோய்க்கூறு. கோபுரத்திலிருந்து கூந்தலைத் தொங்கவிட்ட ஜெர்மானியக் கதைப் பெண்ணின் பெயர் அது. போதமானின் பையன் அந்தப் பெயருக்குள் காணாமல் போய்விட்டான்.

சிறு குழந்தைகளில் இந்தப் பழக்கம் இருபாலரிடமும் ஏறக்குறைய சமமாகவே தென்படுகிறது. ஆனால் வளர்ந்த பிறகு மருத்துவரிடம் வருகிறவர்களில் பெண்களே மிக அதிகம். 2020இல் வெளியான ஓர் ஆய்வு மருத்துவமனைக்கு வெளியே போய், அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டது. அவர்களில் சுமார் 1.7 சதவீதத்தினருக்கு இந்தப் பழக்கம் இருந்தது, ஆண் பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. ஆண் தலையை ஒட்ட வெட்டிக்கொள்ளலாம், மீசையைச் சிரைத்துவிடலாம். உச்சி வெளுத்தால் வழுக்கை என்பார்கள், அதற்குமேல் கேள்வி இல்லை. பெண்ணின் தலையில் முடி இல்லாத இடத்துக்கு யாராவது காரணம் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை எண்ணிக்கையில் நான் படிப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்தக் கேள்விக்கு நம் மொழியிலும் ஆழமான வேர் இருக்கிறது. தன் நிலையிலிருந்து தாழ்ந்தவரைத் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்துகிறேன். கணவனை இழந்த பெண் கூந்தல் களைந்து நிற்பதைப் புறநானூறு காட்டுகிறது. அவள் கூந்தல் அவளுடையதாக இருந்ததில்லை. பிறர் களைந்தால் அது முறைமை, வேண்டிக்கொண்டு களைந்தால் பக்தி. அவள் கையே களைந்தால் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. அந்த இடத்தில்தான் நாங்கள் புழுவெட்டை வைத்தோம்.

உண்மையான புழுவெட்டில் உடலின் எதிர்ப்பாற்றலே முடியின் வேரைத் தாக்குகிறது. அந்த இடம் வழவழப்பாக இருக்கும். பிடுங்கிய இடத்திலோ அறுந்த முடிகள் வெவ்வேறு நீளத்தில் முளைத்து, தடவினால் சொரசொரக்கும். விரல் வைத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பழியைச் சுமக்க இன்னொரு பெண்ணையும் வரலாறு கண்டுபிடித்தது. 1960களில் அமெரிக்காவில் உளப்பகுப்பாய்வு வழி வந்த கட்டுரைகள் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான உறவில் காரணத்தைத் தேடின. மகள் முடியைப் பிடுங்கினால் தாய் சரியில்லை. 1987இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு இதை முதன்முறையாகச் சேர்த்தபோது, உந்துதலை அடக்க முடியாதவர்களின் பட்டியலில், சூதாடுகிறவர்கள், திருடுகிறவர்கள், தீ வைக்கிறவர்களின் பக்கத்தில் வைத்தது.

மாற்றமும் வந்தது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள், கை எப்போது எழுகிறது என்று கவனிக்கவும், எழும்போது முஷ்டியை மூடுவது போன்ற வேறொரு செயலால் அதைத் தடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். இன்றும் முதலில் சொல்லப்படும் சிகிச்சை அந்த வழியில் வந்ததே. 1989இல் சூசன் ஸ்வீடோவும் உடன் பணியாற்றியவர்களும் 13 பெண்களிடம் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, இதை மருத்துவம் அக்கறையோடு அணுக வேண்டிய நோயாகக் காட்டினார்கள். 2013இல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதை எண்ணச் சுழற்சி நோயின் குடும்பத்துக்கு மாற்றியது. 'முடி பிடுங்கும் கோளாறு' என்ற எளிய பெயர் அடைப்புக்குறிக்குள் வந்தது, பித்து முன்னேயே நின்றது. தோலைக் கிள்ளும் பழக்கமும் அப்போதுதான் அந்தக் கையேட்டில் தனி இடம் பெற்றது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகும் அம்மாவிடம் சொல்ல எனக்குப் பல வருடங்கள் ஆயின. போன வருடம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்: "அம்மா, அன்னைக்கு அது புழுவெட்டு இல்ல."

அவள் நிமிரவில்லை. "தெரியும்டி. தலகாணிக்கு அடியில முடி கெடந்துச்சே. நீயே பிடுங்குறன்னு சொன்னா பைத்தியம்னு சொல்லிருவாங்க. யாரு கட்டிக்குவா? அதான் புழுவெட்டுன்னேன்."

அறிவாளிகள் பித்து என்று கிரேக்கத்தில் எழுதிவைத்ததை, அந்த மொழி தெரியாத என் அம்மா தெருவின் வாயில் முன்கூட்டியே கேட்டிருக்கிறாள். அதற்கு எதிராக அவளிடம் இருந்தது ஒரு பொய்யும் கொஞ்சம் சின்ன வெங்காயமும்தான். எனக்கு எரிந்த அந்த வெங்காயத்தை உரித்தபோது அவள் எதற்கு அழுதிருப்பாள் என்று இப்போது யோசிக்கிறேன்.

இதைப் படிக்கும் மாணவிகளில் யாருக்காவது கை இப்போதும் தலைக்குள் இருக்கலாம். இது உன் ஒழுக்கத்தின் குறையும் இல்லை, உன் அம்மாவின் தவறும் இல்லை. பிடுங்கிய முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். பல வருடங்கள் தொடர்ந்தால் வேர் கெட்டுப்போகலாம், அதனால் தள்ளிப்போடாதே. முடியை விழுங்கும் பழக்கமும் இருந்தால் உடனே மருத்துவரைப் பார். தோல் மருத்துவரிடம் போனாலும் மனநல மருத்துவரிடம் போனாலும், முதல் வாக்கியமாக "நான்தான் பிடுங்குகிறேன்" என்று சொல். எனக்கு அதைச் சொல்ல முப்பது வருடங்கள் ஆயின.