ரேஷன் கார்டு ஊரில், வீடு குன்றத்தூரில்... பருப்பு, பாமாயில் இங்கேயே வாங்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்காக வெளி மாவட்டங்களில் இருந்து வந்து, குன்றத்தூரில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். கார்டு ஊர் முகவரியில் இருப்பதால் இங்கே ரேஷன் கிடைக்காது என்று நினைத்து, எல்லாவற்றையும் மளிகைக் கடையிலேயே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அது வீண் செலவு.

2020 அக்டோபர் 1-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டப்படி, மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். முகவரியை மாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. கார்டில் பெயர் உள்ள ஒருவர் நேரில் போய் கைரேகை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு மிச்சம்?

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே இரண்டும் தலா 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 185 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 2,220 ரூபாய்! சர்க்கரை கிலோ 25 ரூபாய். அரிசி கார்டு என்றால் அரிசி இலவசம். ரேஷன் அரிசியில் சாப்பாடு பிடிக்காதவர்கள்கூட இட்லி மாவுக்கு அதைத்தான் ஊறப்போடுகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. கார்டுக்கு ஒரே அளவுதான். ஊரில் அப்பா, அம்மா இந்த மாதப் பருப்பை வாங்கிவிட்டால் இங்கே கிடைக்காது. நீங்கள் தனிச் சமையல் செய்து குடித்தனம் நடத்துபவர் என்றால், பழைய கார்டில் பெயரை நீக்கி புது கார்டுக்கு விண்ணப்பிப்பதே நல்லது. நிரந்தரமாகத் தங்குபவர்கள் குடும்பத்தோடு முகவரியை மாற்றிவிடலாம். இரண்டையும் ஆன்லைனிலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம்.

பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்ததும் தீர்ந்துவிடும் மாதங்கள் உண்டு. அலைச்சலைத் தவிர்க்க, கார்டில் பதிவான மொபைலில் இருந்து ‘பிடிஎஸ் 101’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து 9773904050-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், உங்கள் கார்டு பதிவான கடையின் இருப்பு தெரியும். ஆனால் கார்டு இன்னும் ஊர் கடையில் இருந்தால் இது உதவாது. குன்றத்தூர் கடையில் நேரில்தான் கேட்க வேண்டும்.

வெளியூர் கார்டு என்று சொல்லி திருப்பி அனுப்பினால், 1967 அல்லது 1800 425 5901 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். கடை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.