கை இருந்தது, மேடை இல்லை

உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் வைத்திருந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1915இலிருந்து 1937 வரை எட்டுப் பேர். வில்லார்டு, டெம்ப்சி, டன்னி, ஷ்மெலிங், ஷார்க்கி, கார்னேரா, பேயர், பிராடக். எட்டுப் பேரும் வெள்ளையர். இருபத்திரண்டு வருஷம் கறுப்பர் ஒருவருக்குக்கூடவா கையில் வலு இல்லாமல் போயிற்று? தகுதி உள்ளவன் மேலே வந்தான், இல்லாதவன் கீழே நின்றான் என்கிறது பட்டியல். நமக்கு இது புதுப் பேச்சு இல்லை. ‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் ஓதுகிறவர்களின் வாயிலும் இதே பேச்சுதான். அதனாலேயே இந்தப் பட்டியலைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓட்டப்பந்தயம் என்றால் கடிகாரம் சொல்லிவிடும். குத்துச்சண்டை அப்படி இல்லை. பட்டம் வேண்டுமானால் அதை வைத்திருப்பவனை அடித்தாக வேண்டும். அடிக்க வேண்டுமானால் அவன் மேடை ஏற வேண்டும். ஏறுவதும் ஏறாததும் அவன் இஷ்டம், அவனை வைத்துப் பணம் பண்ணுகிறவர்களின் இஷ்டம். “இவனோட மோத மாட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டம் பத்திரமாக இருக்கும். இந்த ஓட்டை வழியாகத்தான் நிறத்தீண்டாமை மேடைக்கு வந்தது.

1882 முதல் 1892 வரை பட்டம் வைத்திருந்தவர் ஜான் எல். சல்லிவன். எவனையும் அடிப்பேன் என்று மார்தட்டியவர். ஆனால் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். அப்போது வெளியே நின்றவர் பீட்டர் ஜாக்சன். டென்மார்க்கின் பிடியில் இருந்த செயின்ட் குரோய் தீவில் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1886இல் அந்த நாட்டுச் சாம்பியன் ஆனவர். 1891 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட்டும் அவரும் மோதினார்கள். 61 ரவுண்டு. இருவரும் கை தூக்க முடியாமல் ஓய்ந்துபோக, முடிவில்லை என்று நிறுத்தினார்கள். மறு வருஷமே சல்லிவனோடு மோதும் வாய்ப்பு கார்பெட்டுக்குக் கிடைத்தது, அடித்துப் பட்டம் வாங்கினார். 61 ரவுண்டு அவருக்குச் சமமாக நின்ற ஜாக்சனுக்கு என்ன கிடைத்தது? நாடக மேடையில் ‘அங்கிள் டாம்’ வேஷம். அடிமைக் கிழவனாக நடிக்க மேடை உண்டு, சாம்பியனாக ஏற மேடை இல்லை. 1898இல் வயதும் நோயும் தின்ற அவரை ஜெஃப்ரிஸ் மூன்றே ரவுண்டில் வீழ்த்தினார். அதே ஜெஃப்ரிஸ் பட்டம் வாங்கியதும் கறுப்பரோடு மோத மறுத்தார். மேலே ஏறுவதற்குக் கறுப்பு உடம்பை மிதிக்கலாம், ஏறிய பிறகு அது தீட்டு! ஜாக்சன் 1901இல் காசநோயில் செத்தார்.

குறைந்த எடைப் பிரிவுகளில் இவ்வளவு இறுக்கம் இல்லை. 1902இல் ஜோ கான்ஸ் என்ற கறுப்பர் லைட்வெயிட் பட்டம் வாங்கினார். ஹெவிவெயிட்டில் மட்டும் ஏன் இந்தக் காவல்? ஹெவிவெயிட் சாம்பியன் என்றால் ‘உலகத்திலேயே பலசாலி’ என்று பொருள். அந்த இடத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்தால், வெள்ளையன் பிறப்பிலேயே உசத்தி என்ற கதை என்னாவது?

அந்தக் கதையை உடைத்தவர் ஜாக் ஜான்சன். டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் ஊர்க்காரர். சாம்பியன் டாமி பர்ன்ஸை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று துரத்திக்கொண்டே போனார். கடைசியில் பர்ன்ஸ் ஒத்துக்கொண்டது பணத்துக்காக. பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000. 1908 டிசம்பர் 26, சிட்னி நகரம். பதினாலாவது ரவுண்டில் போலீஸ் புகுந்து நிறுத்தும் அளவுக்கு அடி. உடனே வெள்ளை உலகம் பதறியது. ஓய்வு பெற்ற ஜெஃப்ரிஸை எழுந்து வரச் சொல்லி எழுத்தாளர் ஜாக் லண்டனே அழைப்பு விடுத்தார். 1910 ஜூலை 4, ரீனோவில் அவரும் பதினைந்தாவது ரவுண்டில் விழுந்தார். அன்று ராத்திரி அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம். மேடையில் தோற்ற ஆத்திரத்தைத் தெருவில் தீர்த்துக்கொண்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே தடைச் சட்டம் போட்டார்கள். 1913இல் வெள்ளைப் பெண்ணோடு பழகியதை வைத்து ஜான்சனைத் தண்டித்தார்கள். நாட்டைவிட்டு ஓடினார். 1915இல் ஹவானாவில் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு வந்தது 2018இல், அவர் செத்து 72 வருஷம் கழித்து.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ஜான்சன் சாம்பியனாக இருந்தபோது சாம் லாங்ஃபோர்டு, ஜோ ஜீனெட், சாம் மெக்வே என்ற மூன்று பெரிய கறுப்பு வீரர்கள் வாசலில் நின்றார்கள். மூவருக்கும் அவர் பட்டத்துக்கு மோதும் வாய்ப்புத் தரவில்லை. 1913இல் பாரிஸில் ஜிம் ஜான்சன் என்ற கறுப்பரோடு மட்டும் ஒரு தடவை மோதினார், அது சமனில் முடிந்தது. கறுப்பரும் கறுப்பரும் மோதினால் வசூல் இல்லை, தோற்றால் பட்டமும் போகும். இது அவர் கணக்கு. “நம்மாளே நம்மாளுக்குக் கதவைச் சாத்திட்டான்” என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். ஏசவும் வேண்டும். ஆனால் நூறு பேருக்கு ஒரே நாற்காலி என்று போட்டவன் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வாசலில் நின்றவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். வயிறு இருக்கிறதே! 1909இல் பாரிஸில் ஜீனெட்டும் மெக்வேயும் 49 ரவுண்டு மோதினார்கள். ஜீனெட் 27 தடவை விழுந்து, 27 தடவையும் எழுந்து ஜெயித்தார். லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் ஏறத்தாழ 17 தடவை மோதிக்கொண்டார்கள். ‘கறுப்பர் ஹெவிவெயிட் சாம்பியன்’ என்று தனிப் பட்டம் ஒன்று இருந்தது. டீக்கடையில் தனிக் கிளாஸ் மாதிரி. அதற்காகத்தான் இந்த ரத்தம். லாங்ஃபோர்டுக்குக் கண் போயிற்று. 1944இல் ஒரு பத்திரிகைக்காரர் தேடிக் கண்டுபிடித்தபோது ஹார்லெமில் ஓர் அறையில் பார்வையற்று, கையில் காசற்றுக் கிடந்தார்.

ஹாரி வில்ஸ் கதை இன்னும் கொடுமை. 1919இல் சாம்பியனான ஜாக் டெம்ப்சியோடு மோதப் பல வருஷம் சட்டப்படி முறையாகக் கேட்டவர். 1922இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, சண்டை நடக்கவில்லை. 1925இல் மறுபடி ஒப்பந்தம். வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணம் வந்தது, டெம்ப்சிக்குப் பேசிய பணம் வரவில்லை, சண்டையும் வரவில்லை. 1923 செப்டம்பரிலிருந்து மூன்று வருஷம் டெம்ப்சி பட்டத்துக்கு யாரோடும் மோதவே இல்லை. வில்ஸைச் சந்திக்காமல் இங்கே சண்டை கிடையாது என்று நியூயார்க் அதிகாரிகள் நெருக்கியதும், டன்னியோடு மோதும் சண்டையை 1926இல் பிலடெல்பியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். கலவரம் வரும் என்பது ஏற்பாட்டாளர் டெக்ஸ் ரிக்கார்டும் அரசியல்வாதிகளும் சொன்ன காரணம். கலவரம் செய்கிறவன் வெள்ளையன், அதற்கு வாய்ப்பை இழக்கிறவன் கறுப்பன். தேர் சேரிக்குள் வந்தால் சண்டை வரும் என்று சொல்கிற அதே நியாயம்!

அதே வருஷம் அக்டோபரில் முப்பத்தேழு வயதான வில்ஸை ஷார்க்கி அடித்து நொறுக்கினார். “பாத்தியா, இவனுக்கா வாய்ப்புக் கேட்டீங்க?” என்றார்கள். இளமையெல்லாம் வாசலில் காக்கவைத்துவிட்டு, கிழடானதும் சோதித்துப் பார்த்துத் தகுதி இல்லை என்பது. காக்கவைத்த வருஷங்களை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை.

1937இல் ஜோ லூயிக்குக் கதவு திறந்தது. அதுவும் சும்மா இல்லை. தோற்கப்போகும் பிராடக்குக்கு, லூயியை வைத்து ஏற்பாட்டாளர் சம்பாதிக்கும் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு பத்து வருஷத்துக்கு என்று பேசி முடித்தார்கள். லூயிக்கும் கட்டுப்பாடுகள்: விழுந்த வெள்ளையனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு ஜான்சன் வேண்டாமாம். உள்ளே போனவர் 25 தடவை பட்டத்தைக் காத்தார். ஹெவிவெயிட்டில் அத்தனை தடவை காத்தவர் வேறு யாரும் இல்லை.

1990க்கும் 1997க்கும் இடையில் ஜாக்சன், லாங்ஃபோர்டு, வில்ஸ், ஜீனெட் பெயர்களைக் குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் செத்தவர் கையில் உறை மாட்ட முடியாது. வெள்ளைச் சாம்பியன்கள் எல்லோரும் கையாலாகாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. டெம்ப்சி வில்ஸை வென்றிருக்கலாம், தோற்றிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது மேடை. மேடையை மறைத்தவர்களுக்குத் தகுதியைப் பற்றிப் பேச வாயில்லை. யாருக்குத் தகுதி என்று இனி எவன் பட்டியல் நீட்டினாலும், பெயர்களைப் படிக்கும் முன்பு ஒன்று கேட்போம்: இதில் மோதவே விடாமல் நிறுத்தப்பட்டவர்கள் யார் யார்?