நீலகிரியில் டிரவுட் வேட்டை: மீனுக்கு முன் வந்த சட்டம்

நீலகிரியின் மேற்கு விளிம்பில், குந்தா, முக்கூர்த்தி, பைக்காரா பகுதிகளின் சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே ஓடும் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கென்றே பயணம் போகும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உதகமண்டலத்து ஆங்கிலேயரிடையே வேரூன்றியது. கானகத்தின் தனிமையை நாடிச் செல்லும் பொழுதுபோக்காக அவர்கள் அதைக் கொண்டாடினார்கள் என்றாலும், அந்தப் பயணத்துக்கு வேண்டியவற்றில் கானகம் தானாகத் தந்தது குறைவே. பிடிபட வேண்டிய மீனே கப்பலேறித்தான் வந்தது. அந்த ஓடைகளில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டமோ, டிரவுட் அங்கே நிலைபெறுவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

டிரவுட் என்பது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவதால், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைக் கடந்தால் அது திணறத் தொடங்கும். சமவெளி ஆறுகளில் அதற்கு இடமில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில் ஓடும் நீலகிரி ஓடைகள் அதற்கு ஏற்றவையாக இருந்தும், அங்கே இயல்பாக வாழ்ந்தவை தூண்டில்காரரின் கண்ணுக்குப் பொருட்டாகத் தெரியாத சிறு மீன்களே. இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவரும் சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்தவருமான பிரான்சிஸ் டே, 1860களில் டிரவுட்டை இங்கே குடியேற்ற முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத அக்காலத்தில், வெப்பமண்டலக் கடல்வழியில் முட்டைகளை உயிரோடு கொண்டுவருவது எளிதன்று. 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகள் பிழைத்ததும், ஈரப்பாசியில் பொதிந்து கப்பலின் பனிக்கட்டி அறையில் வைக்கப்பட்டதால்தான்.

மீன் வரவில்லை; ஆனால் மீனுக்கான ஏற்பாடு நிற்கவில்லை. வேட்டை விலங்குகள் அருகிவருவதைக் கண்டு கவலையுற்ற வேட்டைக்காரர்களே 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தை நிறுவினர். இரண்டே ஆண்டுகளில், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் 1879இல் இயற்றப்பட்டு, ஓடைகளிலும் ஏரிகளிலும் மீன் பிடிப்பதை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அருளுணர்வு இதற்கு அடிப்படை என்று கொள்ள இடமில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அன்றைய அகராதியில் அடுத்த பருவத்து வேட்டைக்கு இருப்பு வைத்தல் என்பதே பொருள்.

வெற்றிக்கு வழி இலங்கையிலிருந்து திறந்தது. அங்கே 1880களிலேயே தோட்டத்துரைமார் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் பழுப்பு டிரவுட்டை விட்டிருந்தார்கள். பின்னர், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்கு உரியதும் சற்றே மிகுந்த வெப்பத்தைத் தாங்கக்கூடியதுமான வானவில் டிரவுட்டும் சேர்ந்தது. சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன், உதகையிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்து, இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்த வானவில் டிரவுட்டைப் பெருக்கினார். பொரிப்பகத்தின் வேலை முழுவதும் கைவேலை. சினைகொண்ட பெண் மீனை ஈரக்கையால் பிடித்து, வயிற்றை வால்பக்கமாக மெல்ல நீவ, 4, 5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆரஞ்சு நிற முட்டைகள் தட்டில் விழும்; அவற்றின்மேல் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து கலந்தபின், ஓடும் நீரிலுள்ள தட்டுகளில் பரப்புவார்கள். வெண்மையாகிச் செத்த முட்டைகளிலிருந்து பூசணம் மற்றவற்றுக்கும் தாவும் என்பதால், அவற்றை நாள்தோறும் பொறுக்கி எறிய வேண்டும். நீர் 10 டிகிரியில் இருந்தால் சுமார் ஒரு மாதத்தில் குஞ்சு பொரியும்.

பயணத்தைத் திட்டமிடுவது இதன்பின் ஓர் ஒழுங்குக்கு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூரைத் தொட்ட மலைரயில் 1908இல் உதகையை எட்டியதால், டிரவுட்டும் ரயிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்துசேர்ந்தன. பயணம் போக நினைத்தவர் முதலில் உரிமச்சீட்டு வாங்க வேண்டும். அடுத்துப் பருவத்தைக் கணிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை குந்தா மலையை நேராக வந்து அறைவதால், அம்மாதங்களில் ஓடைகள் கலங்கிப் பெருகும். செயற்கை ஈயை, அதாவது இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் செய்த கொக்கியை, கலங்கல் நீரில் மீன் காணாது. கோடையின் பிற்பகுதியிலோ நீர் வற்றி, மீன் ஆழ்மடுக்களில் ஒதுங்கிவிடும். தங்குவதற்கு முக்கூர்த்திப் பகுதியில் மீன்பிடிக் குடிலே எழுந்தது. அரிசி, மாவு, விளக்குக்கான எண்ணெய் முதல் கம்பளிவரை எல்லாவற்றையும் உதகைச் சந்தையிலிருந்தே கொண்டுபோக வேண்டியிருந்ததால், சுமைக்கூலிகள் இல்லாமல் பயணம் இல்லை. ஆயினும் துரையின் மீன்பிடிக் குறிப்பேட்டில் மீனின் நீளமும் எடையும் இடம்பெற்ற அளவுக்கு, சுமந்தவர் பெயர் இடம்பெறுவது அரிது.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா மின்திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஓடைகள் நீர்த்தேக்கங்களாயின. புல்வெளிகளைச் சீகை மரமும் கற்பூர மரமும் மூடின. இவற்றையெல்லாம் இழப்பாகப் பேசுவோர், டிரவுட்டும் சீகையைப் போலவே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது என்பதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். நீலகிரி ஓடைகளுக்கே உரிய சிறு மீனான நீலகிரி டேனியோவை 1867இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் அதே பிரான்சிஸ் டேதான். அத்தகைய சிறு மீன்களும் டிரவுட்டுக்கு இரையாகக் கூடியவையே. முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அந்த எல்லைக்குள் பழைய மீன்பிடிப் பயணத்துக்கு இனி வழியில்லை. 1877இல் வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கம், பெயரிலிருந்து வேட்டையை நீக்கி, இன்று நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்று இயங்குகிறது.